தலைநகருக்குப் போன கண்ணாடிக்கார அக்கா

கண்ணாடிக்கார அக்காவுக்கு யாராவது வணக்கம் சொன்னால், இந்த வணக்கம் எதற்காக என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அவள் பதில் வணக்கம் சொல்வாள். இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவளுடைய கணவர்தான். அவர் பஸ் டிரைவர். "என் பொண்டாட்டிகிட்ட மழை பெய்யுதுன்னு சொன்னா, யார் சொன்னதுன்னு கேப்பா. ஜன்னலைத் திறந்து காட்டினா, இதை ஏன் இப்ப திறக்கறீங்கன்னு கேப்பா" என்பார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அக்காவின் காதில் விழுந்தாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சந்தேகப்படுவதை அவள் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. மற்றவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி தனக்கு இது. கூடவே வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான் என்று இருந்தாள்.

பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவள் இல்லை. அவள் அப்பாவுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைதான். அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அரசாங்க ஆட்கள் சிலர் கடைக்கு வந்தார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறோம், கடையின் முன்பாதியை விட்டுக்கொடுத்தால் புதுக் கட்டடத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். முகம் நிறையச் சிரிப்பு. அப்பாவின் தோளில் கை போட்டுப் பேசினார்கள், அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார்கள். முன்பாதி போயிற்று. சாலை அகலமாகவில்லை. இடித்த இடத்தில் கொஞ்ச நாள் கழித்து யாரோ ஒரு அதிகாரியின் மைத்துனன் செல்போன் கடை போட்டான். அப்பா அதற்குப் பிறகும் அந்த ஆட்களைத் தெருவில் பார்த்தால் எழுந்து நிற்பார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே வருகிறவர்களுக்குக் கதவைப் பாதிதான் திறக்க வேண்டும் என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டாள்.

அப்பாவுக்குப் பிறகு மீதிக் கடை அவளுக்கு வந்தது. முன்னறையில் கண்ணாடி அலமாரி, அதில் பிரேம்கள். சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரைக்கும் இறங்கும் அட்டை. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவள் கொழுந்தன் உட்கார்ந்திருப்பான். இடது கையால் லென்ஸ்களைத் துடைத்து, துணியில் வரிசையாக வைப்பான். வலது கை மடியில் கிடக்கும். பேச்சும் பாதிதான் வரும்.

அவன் அப்படி ஆனதற்குக் காரணம் ரயில்வே கேட். ஊர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். பெரிய ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். இடையில் கேட். சரக்கு ரயில்கள் வந்து நின்று, பெட்டியைக் கழற்றி, மாட்டி, பின்னால் போய், முன்னால் வந்து, ஆற அமரத்தான் கிளம்பும். அதுவரை கேட் மூடியே கிடக்கும். கொழுந்தனுக்கு ஒரு பகலில் வாய் கோணி, கை விழுந்தது. உடனே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. வந்து கேட்டில் நின்றது. கேட்டுக்கு நடுவே ஒரு சரக்கு ரயில் அசையாமல் நின்றது. அவன் அண்ணனான அக்காவின் கணவர் இறங்கி ஓடி, பெட்டிகளுக்கு அடியில் புகுந்து தூக்கிக்கொண்டு போகலாமா என்றுகூடப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம்மா" என்று அந்த ஆஸ்பத்திரியில் அப்போது வேலையில் இருந்த டாக்டரம்மா அக்காவிடம் சொன்னார். அக்கா அதற்கும் ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டாள். தங்கள் தவறை மறைக்கக் கேட்டைச் சொல்கிறார்களோ என்று. பிறகு அதே கேட்டில் ஆட்டோவுக்குள் ஒரு குழந்தை பிறந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். அன்றோடு அந்தச் சந்தேகம் மட்டும் தீர்ந்தது.

அவளை நகரமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தவர் பக்கத்து மருந்துக் கடைக்காரர். அவர்தான் பின்னால் மன்றத் தலைவரானவர். "நீ கேள்வி கேக்கிறவ. மன்றத்துல தலையாட்டுறதுக்கு ஆள் நிறைய இருக்கு. நீ நில்லு" என்றார். சிரிக்காமல் சொன்னார். அவர் எதையுமே சிரிக்காமல்தான் சொல்வார். மாத்திரை கொடுக்கும்போதும் சரி, ஓட்டுக் கேட்கும்போதும் சரி, வயிற்றுவலிக்காரர் மாதிரியே முகத்தை வைத்திருப்பார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. அவரை அண்ணே என்று கூப்பிட்டாள். உலகத்தில் அவள் கதவை முழுசாகத் திறந்துவிட்ட ஒரே ஆள் அவர்தான். அவர் தலைவர், அவள் துணைத்தலைவர் என்று ஆனது.

அந்த வட்டாரத்தில் மூன்று ஊர்கள். வருஷா வருஷம் நாடாளுமன்றம் கூடும்போது மூன்று ஊரிலிருந்தும் ஒரு குழு தலைநகருக்குப் போகும். எம்.பி.க்களைப் பார்த்து, எங்களுக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று சொல்லிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பும். இந்தத் தடவை கூடிப் பேசியபோது, ஆளுக்கொன்று கேட்டு ஒன்றும் கிடைக்காமல் வருவதைவிட, ஒன்றை முதலில் வைப்போம் என்று முடிவானது. கேட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. எல்லோரும் கை தூக்கினார்கள். தலைவரும் தூக்கினார்.

ரயிலில் ஆறு பேர். தலைவர், அக்கா, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட டாக்டரம்மா, பக்கத்து இரண்டு ஊர்த் தலைவர்கள், வணிகர் சங்கத் தலைவரான சிமெண்டுக்காரர். பக்கத்து ஊர்த் தலைவர்கள் இருவரும் யார் என்ன சொன்னாலும் ஒரே நேரத்தில் தலையாட்டுவார்கள் என்பதால் அவர்களுக்கு இரட்டையர் என்று பெயர். சிமெண்டுக்காரருக்குப் பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வண்டி கிளம்பும் முன்பே எல்லோருக்கும் பிஸ்கட், தண்ணீர், படிக்கப் பத்திரிகை என்று வாங்கிக் கொடுத்துவிட்டார். அக்கா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் எதற்கு இத்தனை தாராளமாக இருக்கிறார் என்று யோசித்தாள்.

சிமெண்டுக்காரர் குறட்டை விடத் தொடங்கியதும் தலைவர் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த ஆள் மேல ஒரு கண்ணு வச்சிக்கம்மா" என்றார் மெதுவாக.

"ஏண்ணே?"

"கேட்டுக்குப் பக்கத்துல அவருக்கு ஒரு குடோன் இருக்கு, தெரியுமில்ல? பாதை வந்தா அந்த நிலத்தோட முன்பக்கம்தான் போகும். விடுவாரா? ஊருக்காக ஒண்ணு பேசுவாரு, தனியா ஒண்ணு பேசுவாரு. நமக்குத்தான் கடைசியில நாமம்."

அக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. பிஸ்கட்டைப் பொட்டலத்தோடு டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

எம்.பி.க்களின் அலுவலகக் கட்டடம் நீளமான தாழ்வாரங்களால் ஆனது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பித்தளைப் பலகை, ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் ஒரு கூட்டம். மீனவர்கள், செவிலியர்கள், பாலம் கேட்கிறவர்கள், பாலம் வேண்டாம் என்கிறவர்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அக்கா தன் அட்டையில் எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் அவர்கள் வட்டார எம்.பி.யின் அறைக்குப் போனார்கள். "ஐயா கூட்டத்துல இருக்காங்க, இதோ வந்துடுவாங்க" என்று அவருடைய உதவியாளர் சொன்னார். மெலிந்த இளைஞர், எப்போதும் பாதி ஓட்டத்தில் இருப்பவர். காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் சிமெண்டுக்காரர் எழுந்து வெளியே போனார். வந்தார். மறுபடி போனார்.

"எங்க போறார் பாருங்க" என்று டாக்டரம்மாவின் முழங்கையை இடித்தாள் அக்கா.

"அந்த மனுஷனுக்குச் சர்க்கரைம்மா. போக வேண்டிய இடத்துக்குப் போறார். அதையும் நாம போய்ப் பாக்கணுமா?"

அக்கா போய்ப் பார்த்தாள். தாழ்வாரம் திரும்பும் இடத்தில் காபி இயந்திரம் ஒன்று இருந்தது. அங்கே சிமெண்டுக்காரர் அந்த உதவியாளரின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். தோளில் கை. அக்காவுக்கு அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. தூணுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். இயந்திரம் கரகரவென்று அரைத்த சத்தத்தில் முக்கால்வாசி அமுங்கிப்போனது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அந்த நிலம் விஷயம் ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம் தம்பி."

திரும்பி வந்து தலைவரிடம் சொன்னாள். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு, "நான் சொல்லல?" என்றார். பிறகு தன் கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் போய் மறுபடி பேசினார். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்டுக்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எம்.பி. வந்ததும் எல்லோர் கையையும் குலுக்கினார், சரசரவென்று படம் எடுத்துக்கொண்டார்கள். கேட்டைப் பற்றி டாக்டரம்மா சொல்லத் தொடங்கியதும், "தெரியும், தெரியும், எனக்குத் தெரியாததா?" என்றார். "ஆனா நம்ம ஸ்டேஷனைப் பாருங்க. ஒரு முகப்பு இருக்கா? இறங்கினவன் திரும்பி ஏறிப் போயிடுறான். ஸ்டேஷன்தாங்க ஊரோட முகம்." இரட்டையர் தலையாட்டினார்கள். பெரிய மனிதர்கள் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று அக்கா அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டாள். அவள் கவனமெல்லாம் சிமெண்டுக்காரர் மேல் இருந்தது. எம்.பி. பேசும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். சிமெண்டுக்காரர் வழக்கம்போல எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார். அக்காவின் டம்ளருக்கு வந்தபோது அவள் கையால் மூடிக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரிய வேண்டாத அந்த நிலம் விஷயம் என்னங்க?" என்றாள்.

சிமெண்டுக்காரர் ஜாடியைக் கீழே வைத்தார்.

"காபி மெஷின்கிட்ட நின்னு பேசினீங்களே. குடோனைக் காப்பாத்திக்க யார்கிட்ட என்ன பேசினீங்க? ஊர் வாயில மண்ணைப் போடத்தான் கூட வந்தீங்களா? என் கொழுந்தன் கையை நீங்க திருப்பித் தருவீங்களா?"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். சிமெண்டுக்காரரின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாதபோது அவருக்கு வயதானது தெரிந்தது.

"குடோன் நிலத்துல எனக்கு ஒரு பங்கு, என் தம்பிங்க ரெண்டு பேருக்கு ஒவ்வொரு பங்கு" என்றார். "என் பங்கை ஊருக்கு எழுதித் தரணும்னா எப்படித் தரணும், எந்த ஆபீசுக்குப் போகணும்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டேன். என் தம்பிங்க காதுக்குப் போச்சுன்னா அடுத்த நாளே கோர்ட்டுக்குப் போவாங்க. அதான் தெரிய வேண்டாம்னேன்." எழுந்தார். "சும்மா குடுக்கிறேன்னு ஊர்ல சொன்னா அதுக்கும் ஒரு உள்நோக்கம் கண்டுபிடிப்பாங்க. முதல் ஆளா நீங்க கண்டுபிடிப்பீங்க. இப்ப சந்தோஷமா சாப்பிடுங்க."

அவர் சாப்பிடாமல் அறைக்குப் போய்விட்டார். அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு குரல், நல்லா நடிக்கிறான்யா என்றது. படுக்கப் போகும்போது டாக்டரம்மாவிடம், "அவர் சொன்னது நிஜமா இருக்குமா?" என்று கேட்டாள்.

"நிஜமா இருந்தா என்ன பண்ணுவே?"

அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். விளக்கை அணைத்த பிறகு இன்னொன்றும் உறுத்தியது. அவள் கத்தியபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைவர் அண்ணன் மட்டும் ஏன் நிமிரவில்லை?

மறுநாள் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவின் தலைவியைச் சந்திக்க நேரம் கிடைத்திருந்தது. ரயில், சாலை எல்லாவற்றுக்கும் அந்தக் குழுதான் பரிந்துரை செய்ய வேண்டும். நரைத்த தலை, நறுக்கென்ற பேச்சு. மேஜை மேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசினார்.

"உங்க எம்.பி. நேத்து என்கிட்ட பேசினார். ஸ்டேஷன் முகப்பு விஷயம்தானே? உங்க தலைவரே ஒத்துக்கிட்டாராமே, கேட் இப்போதைக்கு வேண்டாம், முகப்பு முதல்லன்னு. நல்லது. சின்ன வேலை. சீக்கிரம் முடிச்சிடலாம்."

இரட்டையர்கூடத் தலையாட்ட மறந்துவிட்டார்கள். அக்கா திரும்பித் தலைவரைப் பார்த்தாள். அவர் முகம் எப்போதும்போலவே இருந்தது. நேற்று முழுக்க அவர் ஜன்னலோரம் யாரிடம் பேசினார், அந்த நேரமெல்லாம் தான் யாருடைய பையைக் காவல் காத்தோம் என்று அவளுக்கு உறைத்தது. ரயிலில் அவர் காட்டிய பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

"இல்லீங்கம்மா, அது வந்து… படிப்படியா…" என்று தலைவர் மென்று விழுங்கினார்.

குழுத் தலைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "உங்களுக்குள்ளயே ஒத்து வரலைன்னா, ஊருக்குப் போய்ப் பேசி முடிச்சிட்டு வாங்க. என் வாசல்ல எத்தனை ஊர் நிக்குதுன்னு பாத்தீங்கல்ல? ஒரே வாயா பேசுற ஊருக்குத்தான் நான் பேச முடியும்."

அக்காவுக்கு நாக்கு நுனியில் நின்றது. இந்த ஆள் எங்களை விற்றுவிட்டார் என்று ஒரு வார்த்தை. சொன்னால் அந்தக் கதவு அன்றோடு சாத்தப்படும். சொல்லாவிட்டால் ஊருக்கு ஒரு முகப்பு கிடைக்கும், கேட் அப்படியே கிடக்கும். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"அம்மா, ஸ்டேஷன் முகப்பு எங்க எம்.பி. ஐயாவோட ஆசை. வந்தா வேண்டாம்னு சொல்லலை. ஆனா மூணு ஊரும் கூடி முதல்ல வச்சது கேட்டைத்தான். எங்க தலைவரும் அந்தக் கூட்டத்துல கை தூக்கினவர்தான்." அவர் பக்கம் திரும்பினாள். "தூக்கினீங்கல்ல அண்ணே?"

தலைவர் அவளைப் பார்த்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் அப்படி அவளைப் பார்த்ததில்லை.

"தூக்கினேன்" என்றார்.

இரட்டையர் வேகவேகமாகத் தலையாட்டினார்கள். டாக்டரம்மா முன்னால் நகர்ந்து, கேட்டில் நின்று கை போனவர்கள், கால் போனவர்கள், உயிர் போனவர்கள் என்று தான் பார்த்ததையெல்லாம் நாலு வார்த்தையில் சொன்னார். குழுத் தலைவி நாற்காலியில் சாய்ந்தார்.

"அதெல்லாம் சரி. ஆனா இந்த மாதிரிப் பாதை எங்கெல்லாம் நிக்குதுன்னு எனக்குத் தெரியும். நிலத்துலதான் நிக்கும். யார் நிலம் அது?"

அக்கா சிமெண்டுக்காரரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டவள், இன்று எந்த முகத்தோடு அவரைப் பேசச் சொல்வாள்? அவர் பேசாமல் இருந்தால் ஊரில் ஒருவரும் தவறு சொல்ல முடியாது. குழுத் தலைவி மேஜையில் விரலால் தட்டினார்.

"அதை அவர்தாங்க சொல்லணும்" என்றாள் அக்கா, தாழ்ந்த குரலில். "நான் அவரைப் பத்திப் பேசுற தகுதியை நேத்தே இழந்துட்டேன்."

சிமெண்டுக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மடித்தார். பையில் வைத்தார்.

"நிலம் என்னுதும் என் தம்பிங்களுதும். என் பங்குக்கு நான் ஒண்ணும் கேக்கலை. எழுதித் தர்றேன். தம்பிங்களுக்குச் சேர வேண்டியதைச் சட்டப்படி குடுத்துடுங்க" என்றார்.

குழுத் தலைவி முதல் தடவையாகப் பேனாவை எடுத்தார். அளவெடுக்க ஆட்களை அனுப்புகிறேன், அதற்கு மேல் இப்போது எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். தாழ்வாரத்துக்கு வந்ததும் டாக்டரம்மா அழுதுவிட்டார். சிமெண்டுக்காரர் அக்காவைத் தாண்டிக்கொண்டு நேராக நடந்து போனார்.

திரும்பும் ரயிலில் தலைவர் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா இந்தக் கேட்டைத் தூக்கிக்கிட்டு வர்றேன்னு உனக்குத் தெரியாது" என்றார் அவர். "பாக்கலாம், பாக்கலாம்னே அனுப்புவாங்க. ஊர்ல இறங்கினா, என்ன கிழிச்சேன்னு கேக்கிறாங்க. முகப்பு வந்தா கண்ணுக்குத் தெரியும்மா. கல்லுல பேர் இருக்கும். நான் ஏதோ ஒண்ணு பண்ணேன்னு இருக்கும்."

"அதுக்கு ஏண்ணே அந்த மனுஷனைக் கை காட்டினீங்க?"

"கேட்டுக்காகக் கடைசி வரைக்கும் சண்டை போடுறவர் அவர்தான். நீயும் அவரும் சேர்ந்தா என்னால சமாளிக்க முடியாது."

இதில் எத்தனை நிஜம், எத்தனை சப்பைக்கட்டு என்று அவளுக்குப் புரியவில்லை. எம்.பி. அவருக்கு வேறு ஏதாவது வாக்குக் கொடுத்திருப்பாரா? கேட்டால் மறுப்பார், மறுத்தால் நம்ப மாட்டாள். கேட்கவில்லை. வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று கணவரிடம் பின்னால் சொன்னாள். அவர் அதைப் பஸ்ஸில் சொல்லவில்லை.

ஊர் வந்து சேர்ந்த பிறகு அவள் சிமெண்டுக் கடைக்குப் போனாள். அவர் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். வேலையாட்கள் முன்னிலையிலேயே, "நான் பேசினது தப்புங்க. அங்க எல்லார் முன்னாடியும் பேசினேன், இங்கயும் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கிறேன்" என்றாள். அவர், "சரிம்மா" என்றார். உட்காரச் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். சிமெண்டுக்காரர் பயந்தபடியே அவர் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இடையில் எம்.பி. மாறினார், குழுத் தலைவியும் மாறினார். புது ஆட்களிடம் முதலிலிருந்து கதை சொல்ல அக்காவும் டாக்டரம்மாவும் மறுபடி மறுபடி தலைநகருக்குப் போனார்கள். ஒரு தடவை தலைவரும் கூட வந்தார். அவர் போனை எடுக்கும்போதெல்லாம் அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இதற்கு நடுவே ஸ்டேஷனுக்கு முகப்பு வந்துவிட்டது. தூண்கள், மணிக்கூண்டு, கல்லில் தலைவர் பெயர். அடுத்த தேர்தலில் அக்கா தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்று தோற்றாள். முகப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அவள் வார்டுக்காரர்கள் மட்டும் அவளை விடாமல் மறுபடி மன்ற உறுப்பினராக்கினார்கள்.

கடைசியில் சுரங்கப்பாதை வந்தது. கேட்டபடி வரவில்லை. லாரி நுழையாது, பெரிய மழைக்குத் தண்ணீர் நிற்கும். ஆனால் ஆம்புலன்ஸ் போகும். திறந்த அன்றைக்கு யாரோ ரிப்பன் வெட்டினார்கள். அக்கா கொழுந்தனைக் கைபிடித்து அந்தப் பாதையில் நடத்திக்கொண்டு போனாள். நடுவில் அவன் நின்று, மேலே ரயில் போகும் சத்தத்தைக் கேட்டான். பாதிப் பேச்சில் ஏதோ சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லியும் அவன் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் சிமெண்டுக்காரர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. பார்வை மங்கிவிட்டது என்றார். அவள் நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் பொருத்தி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேக்காம இருக்கப் போறீங்களா?"

"பாதைக்குப் போனது போக உங்க பங்குல கொஞ்சம் நிலம் மிச்சம் இருந்ததே. இப்ப அது சரியா பாதை வாசல்ல நிக்குது. கடை கடையா கட்டி வாடகைக்கு விட்டிருக்கீங்க. முன்னாடி அந்த மண்ணுக்கு என்ன மதிப்பு, இப்ப என்ன மதிப்பு? இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

சோதனைக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"நான் வியாபாரிம்மா" என்றார். "தெரியாதுன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அதுக்காக மட்டும்தான் குடுத்தேன்னு சொன்னா?"

அக்கா யோசித்தாள். "அதையும் நம்ப மாட்டேன்" என்றாள்.

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். மூக்கிலிருந்து சட்டம் நழுவியது. பின்னறையிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான். அக்கா சட்டத்தை நேராக்கி, "ஆடாம உட்காருங்க, எழுத்தைப் பாத்துப் படிங்க" என்று அவர் முகத்தை அட்டையின் பக்கம் திருப்பினாள்.